பாப்பாத்தியோட பதினோரு மணிக் குழம்பு

மைக்குக்கு முன்னாடி உக்காந்ததும் பாப்பாத்தி மொதல்ல மஞ்சப்பையில இருக்குற சின்ன வெங்காயத்தை மேசையில கொட்டுவா. பாட்டு ஓடற நேரத்துல உரிப்பா. நீளமான பாட்டா இருந்தா பூண்டும் சேந்துக்கும். பாட்டு நல்லா இருக்கா இல்லையான்னு அவகிட்ட கேட்டா, எத்தனை வெங்காயம் உரிஞ்சுதுன்னுதான் பதில் வரும்.

"அக்கா, தோல் உரிக்கிற சத்தம் மைக்குல கேக்குதுக்கா"ன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினு பாத்துக்கற பொண்ணு இசைவாணி தலையில அடிச்சுக்கும்.

"கேக்கட்டும்டி. கேக்கறவளுங்க மட்டும் வூட்ல இன்னா வீணையா வாசிச்சிக்கினு இருக்காளுங்க? அவளுங்களும் உரிச்சிக்கினுதான் இருப்பாளுங்க."

வடக்கனந்தல்ல ஒரு மாடி ரூம்புலதான் இந்த ரேடியோ நடக்குது. வயக்காட்டு வானொலின்னு பேரு. வெளிச்சத்தம் உள்ள வராம இருக்க செவுரு பூரா முட்டை அட்டைய ஒட்டி வெச்சிருக்காங்க. மலையடிவாரத்து ஊருங்களுக்கும், மேல கல்வராயன்ல கொஞ்சம் ஊருக்கும் நல்லாக் கேக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வந்துட்டா கொரகொரன்னு ஆயிடும். பாப்பாத்தி மத்த நேரத்துல குத்தகை நெலத்துல மக்காச்சோளத்துக்குக் களை வெட்டறவ. பத்து மணிக்குக் கையக் கழுவிட்டு மாடியேறி வந்தா, பன்னெண்டு வரைக்கும் ரேடியோ அவளோடது.

ஆரம்பமே அதிகாரம்தான். "ஆஜர் குடுங்க"ம்பா. மேசை மேல இருக்குற பட்டன் போனு ஒரு ரிங்கு அடிச்சு நிக்கும், ஒரு ரிங்கு அடிச்சு நிக்கும். மிஸ்டு கால் குடுத்தா ஆஜர்னு கணக்கு. அவங்களுக்கும் காசு போவாது, இவளுக்கும் யார் கேக்கறாங்கன்னு தெரிஞ்சிடும். "காசியம்மா சித்தி வந்தாச்சு. அரங்கநாதண்ணே, இன்னா லேட்டு? மோட்டார போட்டுட்டு வரப்புலயே தூங்கிட்டீங்களா?" தனியா இருக்குற கெழவன் கெழவி யாராவது சேந்தாப்புல ரெண்டு நாளு ஆஜர் குடுக்கலன்னா, பக்கத்து வூட்டு ஆளைப் பேர் சொல்லிக் கூப்புட்டு, "போயி எட்டிப் பாத்துட்டு வா"ன்னு ரேடியோவுலயே அனுப்புவா. அந்த ஆளும் போவான். போவலன்னா மறுநாள் அவன் பேரு ரேடியோவுல நாறும்.

அப்புறம் ஊர் சேதி. "மத்தியானம் கரண்டு கட்டு. மாவு ஆட்டறவங்க இப்பவே ஆட்டிடுங்க." "ஒரு காது மடங்குன வெள்ளாடு காணோம். பிரியாணி ஆவறதுக்குள்ள பாத்தவங்க சொல்லிடுங்க." பதினோரு மணிக்குக் குழம்பு. நாளைக்கு இன்னா குழம்புன்னு இன்னிக்கே சொல்லிடுவா, சாமான் வாங்கி வெச்சிக்க. சமையல்ல ஒரு தப்பையும் பொறுக்க மாட்டா. கீரைய மூடி போட்டு வேக வெச்சேன்னு போன்ல சொன்ன புதுப்பொண்ணு ஒருத்திய, "பச்சைக் கீரையக் கருக்க வெச்சிட்டு அத வேற போன் போட்டு சொல்றியாடி?"ன்னு அவ திட்டுன திட்டு இன்னும் பஸ்ல பேச்சா இருக்கு.

அவ வூட்டுக்குள்ளயே ரேடியோவுக்கு மதிப்பு கம்மிதான். மருமவ தேவதர்ஷினி காதுல எந்நேரமும் ஹெட்செட்டு. போன்ல ஒரு ஆப்பு இருக்குதாம், உலகத்துல எவன் பாடுன பாட்டும் அதுல வருமாம். கொரியாக்காரன் பாட்டைக் கேட்டுக்கினே பாத்திரம் வெளக்கும்.

"அவன் இன்னா பாடறான்னு உனுக்குப் புரியுதா?"

"புரிய வேணாம் அத்த. நல்லாருக்குது."

"நல்லாருக்கட்டும். நம்மூர்ல கரண்டு போவப்போவுதுன்னு கொரியாக்காரன் சொல்லுவானா? மாவு பாதில நிக்கும், பாரு."

மாவு பாதியில நின்னதும் உண்டு. அன்னிக்கு மருமவ வாயத் தெறக்கல. பாப்பாத்தி வாய மூடல.

இந்த வாய்தான் அவளுக்கு வெனையா வந்துச்சு.

ஒரே மகன் சுபாஷ். கல்யாணம் ஆன புதுசுல பொண்டாட்டியக் கூட்டிக்கினு வெள்ளிமலைக்குப் பஸ்ல போயிருக்கான். அவனுக்குச் சின்ன வயசுலருந்தே மலை ரோட்டு வளைவு ஆவாது. வழி பூரா வாந்தி. புதுப்பொண்டாட்டி பிளாஸ்டிக் கவரப் புடிச்சிக்கினே போயிருக்கு. வூட்டுக்குள்ள சிரிச்சிட்டு விடற விஷயம். பாப்பாத்தி அதை மறுநாள் மைக்குல சொன்னா. மலைக்குப் போறவங்க எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு போங்கன்னு புத்தி சொல்ற சாக்குல, மகன் கதைய நீட்டி முழக்கிட்டா. ஊரே சிரிச்சுது. அன்னியிலருந்து டீக்கடையில அவன் பேரு "கவரு".

அவன் மொதல்ல முணுமுணுத்தான். அப்புறம் கத்துனான். "ஊர்ல நடக்க முடியல. எல்லாத்தையும் ரேடியோவுல சொல்லுவியா நீ?" பாப்பாத்தி, "சிரிச்சா பல்லுதான தெரியும், போடா"ன்னு விட்டுட்டா. அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குக் கெளம்பன அன்னிக்கு, பஸ் ஸ்டாண்டுல பெட்டியும் கையுமா நிக்கறான். எதுத்தாப்புல ஒரு பையன் கத்தறான்: "மாப்ள, பிளேன்ல கவர் குடுப்பாங்களாடா?" சுத்தி இருந்த கூட்டம் பூரா சிரிச்சுது. சுபாஷ் அப்பனைப் பாத்து, பொண்டாட்டியப் பாத்து, போயிட்டு வரேன்னு சொன்னான். அம்மா பக்கம் திரும்பல. பஸ் ஏறிட்டான்.

போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. பொண்டாட்டிகிட்ட தெனமும் வீடியோவுல பேசறான். அப்பன்கிட்டயும் பேசறான். பாப்பாத்தி பக்கத்துல வந்தா, "டூட்டிக்கு நேரமாச்சு"ம்பான். புருஷன் ராமசாமிகிட்ட சொன்னா, ரெண்டு பக்கமும் தலையாட்டுவாரு. அவருக்குத் தெரிஞ்ச பஞ்சாயத்து அவ்ளோதான். மருமவகிட்ட கேட்டா, "நல்லாருக்காரு அத்த." அதுக்கு மேல ஒரு வார்த்தை பேராது.

அதுலருந்து பாப்பாத்தி மைக்குல வூட்டு விஷயத்தை எடுக்கறதில்ல. மழை, உரம், கரண்டு, குழம்பு. அந்தக் குழம்பும் மளிகைக் கடைச் சீட்டு படிக்கிற மாதிரி. ஆஜர் கொறைஞ்சுது. சந்தையில காசியம்மா சித்தி புடிச்சு நிறுத்தி, "இன்னாடி, ஒடம்பு கிடம்பு சரியில்லயா? செத்த வூட்ல பேசற மாதிரி பேசற?"ன்னு கேட்டுடுச்சு.

"வயசாவுது சித்தி"ன்னு சமாளிச்சா. வயசெல்லாம் ஒண்ணும் ஆவல.

இந்த நேரத்துலதான் வயக்காட்டு வானொலிய இன்டர்நெட்லயும் விட்டாங்க. உலகத்துல எங்கிருந்தும் கேக்கலாமாம். "உலகத்துக்கு வேற வேலை இல்லயா, நம்மூரு ஆட்டைத் தேடறதுக்கு?"ன்னு பாப்பாத்தி நக்கலடிச்சா. கேக்கறவங்க எங்கெங்க இருக்காங்கன்னு இசைவாணி கம்ப்யூட்டர்ல ஒரு படத்தைத் தெறந்து காட்டுச்சு. சென்னையில கொஞ்சம் புள்ளி, திருப்பூர்ல கொஞ்சம். தள்ளி, கடலுக்கு அந்தாண்ட, ஒத்தைப் புள்ளி.

"அது எந்த ஊருடி?"

"ஓமன்க்கா."

பாப்பாத்தி வெங்காயத்தைக் கீழ வெச்சா. மறுபடி எடுத்துக்கினா. "ஓமன்ல லட்சம் பேரு இருப்பான். எவனாவது தெரியாம அமுக்கிட்டு இருப்பான்."

ஆனா அன்னியிலருந்து மாடியேறி வந்ததும், மழை வருமான்னு கேக்கற மாதிரி, "அந்த ஒத்தை ஆளு இருக்கானா?"ன்னு கேப்பா. இசைவாணி, "இருக்காருக்கா"ங்கும். "ம்" அவ்ளோதான். என்னிக்காவது இல்லன்னா, அன்னிக்கு ஆடு காணாமப் போனவனுக்கும் சேத்துத் திட்டு வுழும்.

போன மாசம் குச்சிக்கிழங்கு நல்லா வந்துச்சு. மரவள்ளியத்தான் இந்தப் பக்கம் அப்படிச் சொல்றது. "நாளைக்குக் குச்சிக்கிழங்கு புளிக்குழம்பு, கெழங்கு வாங்கி வெச்சிக்கங்க"ன்னு வாய் சொல்லிடுச்சு. வூட்டுக்கு வந்தப்புறம்தான் ஒறைச்சுது. அது சுபாஷோட குழம்பு. சட்டிய வழிச்சுத் திம்பான்.

மறுநாள் பதினோரு மணி. "கெழங்கைத் தோல் சீவி, நடு நரம்பை எடுத்துட்டு, துண்டு போட்டுக்கங்க. வெங்காயம், தக்காளி வதக்குங்க. கெழங்கைப் போடுங்க." இதுன்னா எம்புள்ளைக்கு உசுருன்னு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. அதை முழுங்கற அவசரத்துல அடுத்தது தாறுமாறா வந்துடுச்சு. "புளியக் கரைச்சு மேல ஊத்தி, கொதிக்க வுடுங்க."

வேகாத கெழங்கு மேல புளி! அடுப்படியில காலெடுத்து வெச்ச எவளும் செய்ய மாட்டா. புளி வுழுந்தா அப்புறம் கெழங்கு வேகவே வேகாது. பாப்பாத்திக்குத் தான் சொன்னது தன் காதுலயே வுழல. பாட்டைப் போடச் சொல்லிட்டு வெங்காயத்தைக் கையில எடுத்துட்டா.

பாட்டும் ஊர் சேதியுமா பன்னெண்டு ஆவப்போவுது. முடிச்சிட்டுக் கெளம்பற நேரத்துல போன் அடிச்சுது. ஒரு ரிங்குல நிக்கல. நம்பரு வேற பாம்பு மாதிரி நீளமா இருக்கு. எடுத்து ஸ்பீக்கர்ல போட்டா. அவ போன்ல பேசறது நேரா மைக்குல போறதுதான் வழக்கம்.

"லோனு வேணாம், கார்டும் எங்கிட்ட இல்ல, வெச்சிடு." கட் பண்ணிட்டா.

மறுபடி அடிச்சுது.

"ஒரு தடவ சொன்னா வெளங்காதா உனுக்கு?"

"யம்மா, வெச்சிடாத."

வெங்காயம் கையிலயே நின்னுது.

"யம்மா, புளிய மொதல்ல ஊத்துனா கெழங்கு எப்டி வேவும்? எனுக்கு அப்பவே டவுட்டுதான். நீ சொல்றியேன்னு ஊத்தித் தொலைச்சிட்டேன். கொதிக்குது கொதிக்குது, கல்லு மாதிரி நிக்குது. நைட் டூட்டி முடிச்சு வந்த பசங்க நாலு பேரு தட்டைத் தூக்கிக்கினு உக்காந்துக்கினு இருக்கானுங்க."

பின்னாடி யாரோ புரியாத பாஷையில இன்னாமோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசைவாணி எழுந்து நின்னுக்கிச்சு.

பாப்பாத்தி வெங்காயத்தை மேசையில போட்டா. வந்துச்சு பாருங்க வாய்.

"அறிவிருக்காடா உனுக்கு? நான் சொன்னா ஊத்திடுவியா? எத்தினி வருஷமா தின்ன அந்தக் குழம்ப! அடுப்ப அமத்து. புளித்தண்ணிய வேற சட்டியில வடி. கெழங்க நல்ல தண்ணியில போட்டு, உப்பு போடாம, மூடி வேக வையி. விரல்ல நசுங்கனப்புறம் புளித்தண்ணிய ஊத்து. கெட்டுப்போவாது. அந்தப் பசங்கள வெங்காயம் உரிக்கச் சொல்லு, சும்மா இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கானுங்க?"

"சரிம்மா."

"தெனமும் கேக்கறியா?"

"டூட்டி முடிஞ்சு வந்து, நீ பேசறத வெச்சிக்கினுதான் சமைக்கிறேன்."

"ஏன்டா, பாட்டு கேக்க ஆப்பு கீப்பு எவ்ளோ இருக்குது? உம்பொண்டாட்டி கொரியா வரைக்கும் போயிட்டு வருது."

"எங்கிட்டயும் இருக்குதும்மா. அது நல்லாத்தான் பாடுது. திட்டத்தான் மாட்டேங்குது."

பாப்பாத்தி சிரிக்கல. மைக்கைப் பாத்தா. அப்பதான் அவளுக்கு ஞாபகம் வந்துச்சு.

"டேய், இது ரேடியோவுல போவுதுடா."

அந்தப் பக்கம் கரண்டியக் கீழ வெக்கிற சத்தம் கேட்டுது.

"ஊருக்கே கேக்குதா?"

"கேக்குது. இசைவாணிய நிறுத்தச் சொல்லவா?" இத்தினி வருஷத்துல அவ யார்கிட்டயும் இப்படிக் கேட்டதில்ல. கெஞ்சற மாதிரி இருந்துச்சு.

"வேணாம். போவட்டும்." தொண்டையச் செருமிக்கினான். "பிளேன்ல கவர் குடுத்தாங்கன்னு சொல்லு அவனுங்ககிட்ட."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. தேவைப்படல."

போனை வெச்சானோ இல்லையோ, மேசையில மிஸ்டு கால் குமிஞ்சுது. ஒரு ரிங்கு, ஒரு ரிங்கு, ஒரு ரிங்கு. ஆஜர் குடுக்கறத மறந்து போன ஊருங்கள்லாம் அன்னிக்கு ஆஜர். பாப்பாத்தி ஒரு பேரும் சொல்லல. முந்தானையால மூஞ்சியத் தொடச்சிக்கினு, "வெங்காயம் காரம்"னு மட்டும் மைக்குல சொன்னா.

வூட்டுக்கு வந்தா தேவதர்ஷினி வாசல்லயே நிக்குது, ஹெட்செட்டு கழுத்துல தொங்க. "ஆரம்பத்துலருந்தே கேக்கறாரு அத்த. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"நீ நல்லா இருப்படி"ன்னு பாப்பாத்தி சொன்னா. வாழ்த்தா திட்டான்னு அந்தப் பொண்ணுக்கு வெளங்கல. ஆனா அன்னிக்கு மொத சோறு மருமவ தட்டுலதான் வுழுந்துச்சு. குழம்புல கெழங்கு பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சு.

மறுநாளும் பத்து மணிக்கு மாடியேறுனா. ஒத்தை ஆளு இருக்கானான்னு கேக்கல. ஆஜர் எடுத்தா, கரண்டு கட்டு சொன்னா, காது மடங்குன ஆடு கெடைச்சிடுச்சுன்னு சொல்லி, அதைக் கட்டி வெச்சிருந்தவனை நாக்கால நாலு சாத்து சாத்துனா. பதினோரு மணி ஆச்சு. அன்னிக்கு மொளைக்கீரை கடையறது.

"கீரைய அலசிக்கினு சட்டியில போடுங்க"ன்னா. கொஞ்சம் நிறுத்துனா. "போட்டுட்டு, மேல தட்டு வெச்சு, இறுக்கமா மூடி வேக வுடுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசைவாணி தலையத் தூக்கிப் பாத்துச்சு. பாப்பாத்தி பாட்டு போடச் சொல்லிக் கைய ஆட்டல. வெங்காயத்தை ஓரமா ஒதுக்குனா. பட்டன் போனை இழுத்து மைக்குக்குப் பக்கத்துல வெச்சு, முந்தானையால ஒரு தரம் தொடச்சு, அது மேல கைய வெச்சிக்கினு உக்காந்தா.