இதுவும் உதுவும்

போன மாரியில், உரும்பிராயில், ஒரு பின்னேரம் விழுந்த இடியில் என் கணினியின் மதர்போர்ட் செத்துப்போனது. கலியாண வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். வேலை வேகமாக நடக்கட்டும் என்று இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். எதைச் சேமித்தாலும் துண்டு துண்டாக வெட்டி, இரண்டிலும் மாறி மாறி எழுதும் ஏற்பாடு அது. அதை நடத்தியது மதர்போர்ட்தான்; அது போனதும் துண்டுகளைச் சேர்த்து வாசிக்க வழியில்லை.

அதற்குள் குருநகர்ப் பெண் ஒருத்தியின் கலியாணம் இருந்தது. கமராவில் இருந்ததை அடுத்த வேலைக்காக அழித்துவிட்டேன். கலியாணம் முடிந்த கையோடு அவளுடைய தகப்பன் இறந்துபோனார். தொலைபேசியில் கேட்டாள்: “உது இருக்குதோ அண்ணை? அப்பா கதைக்கிற இடம் மட்டும் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்.”

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

டிஸ்க் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. கழற்றும்போது முதலாவதை நான் வைத்துக்கொண்டு, மற்றதை மேசைக்கு எதிரே நின்ற மனைவியிடம் நீட்டினேன். “இது முதலாவது, உது ரெண்டாவது. அடையாளம் போடும்” என்றேன். அவள் பகிடியாக ‘இது’, ‘உது’ என்றே எழுதி ஒட்டிவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் நண்பரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டையும் அப்படியே பிரதி எடுத்து, பிரதியில்தான் கை வைத்தார். ‘இது’தான் முதலாவது என்று நான் அடித்துச் சொன்னேன். துண்டின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். சின்னச் சின்னப் படங்கள் முழுதாக வந்தன. பெரிய படமென்றால் மணப்பெண்ணின் நெற்றி வரை வரும், கீழே வெறும் சாம்பல் நிறம்.

கவலையை மீறி எனக்கு விடுப்பு அறியும் ஆசை வந்துவிட்டது. ஏன் அப்படி என்று கேட்டேன். சின்னப் படம் ஒரு துண்டுக்குள்ளேயே அடங்கிவிடும், பெரியதற்குத்தான் துண்டுகள் வரிசையாகச் சேரவேண்டும் என்றார். வரிசை பிழையோ என்று யோசித்தார்.

பக்கத்தில் நின்ற மனைவி, “என்ரை கையிலை இருந்ததுக்கெல்லோ ‘இது’ எண்டு எழுதினனான்” என்றாள்.

எங்கள் பேச்சில் என் கையில் இருப்பது இது, எதிரே நிற்பவர் கையில் இருப்பது உது. அவள் தன் பக்கமிருந்து எழுதியிருக்கிறாள். நான் என் பக்கமிருந்து வாசித்திருக்கிறேன். நண்பர் சிரித்துக்கொண்டே வரிசையை மாற்றினார். வீடியோ திறந்தது.

குருநகர்ப் பெண் வந்து பார்த்தாள். திரையில் தகப்பன் மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, “இவள் கோவக்காரி தம்பி. அது என்ரை குணம். பொறுத்துக்கொள்ளும்” என்றார். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். பிரதி போட்டுக் கொடுத்த பென் டிரைவைக் கைக்குள் பொத்திக்கொண்டு, “இது காணும் அண்ணை” என்றாள்.

தொலைபேசியில் ‘உது’ என்று கேட்டவள் ‘இது’ என்று சொன்னபோது கிடைத்த நிறைவை வேறெந்த வேலையும் எனக்கு இன்றுவரை தந்ததில்லை.