நத்தார்ப் படத்தில் சமையல்காரரைக் காட்டமாட்டார்கள்

றீற்றாவுக்கு ஓரிடத்தில் இருக்கப் பொறுக்காது. சுவிஸின் கூர் நகரத்து ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் காலையிலிருந்து நின்ற நிலையில் வேலை செய்துவிட்டு வருவாள். வந்தும் சோபாவில் சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் இருக்கமாட்டாள். எழும்புவாள், ஜன்னலைத் திறப்பாள், பூட்டுவாள், கழுவி வைத்த கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவுவாள். அவளுடைய வீட்டுக்கு நேர் கீழே குடியிருப்பவள் நான். என் தலைக்கு மேலே அவள் நடக்கிற நடையை வைத்தே அன்றைக்கு அவள் மனம் எப்படி என்று சொல்லிவிடுவேன்.

அவள் கொஞ்சமாவது அடங்கி இருக்கிற காலம் ஒன்று உண்டு. நவம்பர் நடுவில் ஜெர்மன் சானல்களில் நத்தார்ப் படங்கள், கிறிஸ்துமஸ் கதைகள், தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்னையும் மேலே கூப்பிடுவாள். பெரிய பட்டணத்தில் பெரிய வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, எந்த நேரமும் போனைக் காதில் வைத்திருக்கும் காதலனை விட்டுவிட்டு ஒரு மலையடிவார ஊருக்கு வருவாள். அங்கே கட்டம் போட்ட சட்டையோடு ஒருவன் விறகு கொத்திக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பெண்சாதி ஏற்கனவே செத்துப்போயிருப்பாள். வாய் நிறையக் கதைக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். நட்டத்தில் ஓடும் ஹோட்டல் ஒன்றை நத்தாருக்குள் காப்பாற்றவேண்டியிருக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் பனி கொட்டும், இரண்டு பேரும் கொஞ்சுவார்கள், படம் முடிந்துவிடும். அடுத்த படத்தில் ஹோட்டலுக்குப் பதிலாக ஒரு பேக்கரி இருக்கும்.

எனக்கு இந்தப் படங்களைக் கண்ணில் காட்டக் கூடாது. என்றாலும் ஒன்றையும் விடாமல் பார்த்திருக்கிறேன். திட்டுவதற்கு ஒருவர் வேண்டாமா?

"கோட்டுக்குப் பொத்தானே போடாமல் திரியுதுகள். வாயாலை புகை வருகுதோ பார். கோடை காலத்திலை எடுத்த படமடி உது. முழுப் பொய்," என்பேன்.

"பொய்யெண்டு எனக்குத் தெரியாதோ?" என்பாள் றீற்றா. "பொய்யெண்டாலும் அவன் அவளுக்கு முன்னாலை வந்து நிண்டு கேக்கிறான். உனக்கு என்ன நடந்தது, ஏன் முகம் வாடியிருக்கு எண்டு கேக்கிறான். அது போதும் எனக்கு."

அவளுக்குப் படத்தில் வேறொரு தேடலும் இருந்தது. அந்த ஹோட்டல்களில் எல்லோரும் மேசை நிறையச் சாப்பிடுவார்கள். மண்டபத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு ஆடுகதவு இருக்கும். பரிமாறுகிற பெண் தட்டோடு வெளியே வரும்போது கதவு ஒரு கணம் திறந்து மூடும். அந்தக் கணத்தில் றீற்றா மடித்துக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு முன்னுக்குச் சரிந்து பார்ப்பாள். உள்ளே ஒருவரும் தெரியமாட்டார்கள்.

"சமைச்சவனை ஒருக்காலும் காட்டமாட்டாங்கள், பாத்தியோ செல்வராணி," என்பாள்.

அவள் தேடியது தன்னுடைய மனிசனைத்தான். மைக்கல் மேலே மலையில், அரோசாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர். டிசம்பரிலிருந்து சித்திரை வரைக்கும் குளிர்கால சீசன், பிறகு கோடை சீசன். வேலை செய்பவர்களுக்கென்று ஹோட்டலுக்குப் பின்னால் கொடுத்த அறையிலேயே தங்கிவிடுவார். கல்யாணம் முடித்து இருபது வருடமாகியும் ஒரு நத்தாருக்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. ஊரெல்லாம் கொண்டாடும் நாளில்தான் அவருக்குத் தலைக்கு மேல் வேலை.

மன்னாரில் இருந்த றீற்றாவுக்கு மாப்பிள்ளையின் போட்டோ போனபோது அதிலும் பனி இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிருந்து போன மாப்பிள்ளைப் போட்டோ எல்லாவற்றிலும் பனி இருக்கும், பக்கத்தில் யாருடையதோ கார் ஒன்று நிற்கும். மைக்கல் இரவல் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார். றீற்றா பனியைப் பார்த்து ஓம் என்றாளா, சிரிப்பைப் பார்த்து ஓம் என்றாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் எழும்பிப்போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிடுவாள்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு, நத்தாருக்கு ஒரு கிழமைக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் றீற்றா இராஜசிங்கம் அண்ணையைக் கண்டாள். அவர் கூரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறவர்.

"என்ன பிள்ளை, மைக்கல் இன்னும் மறுமொழி சொல்லேல்லையே," என்றார். "எங்கடை கிச்சினிலை வேலை தாறம் எண்டிட்டினம். வருசம் முழுக்கப் பகல் வேலை, ஆறு மணிக்கு வீட்டை போகலாம். புதுவருசத்துக்குள்ளை ஓமோ இல்லையோ எண்டு சொல்லவேணும்."

றீற்றாவுக்கு அப்படி ஒரு வேலை வந்ததே தெரியாது. அண்ணைக்கு முன்னால் தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு என் தலைக்கு மேலே நடை ஓயவில்லை. டிசம்பர் குளிரில் ஜன்னல் கண்ணாடி துடைத்தாள். திரையைக் கழற்றித் தோய்த்தாள். ஃப்ரிபூர்க்கில் படிக்கும் மகள் ஷரோன் நத்தாரன்றைக்குத்தான் வருவதாக இருந்தது. அவளுடைய அறையை மூன்று தரம் ஒழுங்கு செய்தாள். கடைசியில் என் கதவைத் தட்டினாள்.

"அந்தாளுக்கு என்னோடை இருக்க விருப்பமில்லை," என்றாள். "இருந்தால் ஏன் சொல்லேல்லை? மேலை அரோசாவிலை வேறை ஆரும் இருக்கினமோ தெரியாது. நான் நாளைக்குப் போய்க் கேக்கப்போறன்."

"போன் எடுத்துக் கேள்."

"போனிலை கேட்டால் வேறை கதைக்கு மாத்திப்போடுவார். முகத்தைப் பாக்கவேணும். படத்திலை எல்லாரும் நேரை போய்த்தானே கேக்கினம்."

"படத்திலை ஒருத்தியும் இருபத்திநாலாம் திகதி பின்னேரம் கிச்சினுக்குள்ளை போறேல்லையடி," என்றேன். கேட்கிற ஆளா அவள்? தனியே விடப் பயந்து நானும் வெளிக்கிட்டேன். சொல்லாமல் போய் நின்றால்தான் உண்மை தெரியும் என்று மைக்கலுக்கு அறிவிக்கவும் அவள் விடவில்லை.

கூர் ஸ்டேஷனுக்கு முன்னாலிருந்து புறப்படும் அந்தச் சின்ன ரயில் முதலில் தெருவுக்குள்ளே கார்களோடு கார்களாக ஓடும், பிறகுதான் மலை ஏறும். றீற்றா நல்ல சேலை கட்டி அதற்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். நானும் கறுப்புக் கோட்டுத்தான். இந்த நாட்டில் எல்லோரிடமும் இருப்பது அதுதானே. வழி முழுக்க அவள் கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். மேலே இறங்கினால் வழித்துக் குவித்த பனி ஊத்தையாகக் கிடந்தது, உப்புத் தண்ணீரில் சேலைக் கரை நனைந்தது. ஹோட்டலின் முன்வாசலில் விளக்குக் கட்டிய பெரிய மரம் நின்றது. நாங்கள் குப்பைத்தொட்டிகள் அடுக்கிய பின்வாசலால் போனோம்.

சமையலறைக்குள் ஒருவருக்கும் நிமிரக்கூட நேரமில்லை. மைக்கல் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளில் எதையோ வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். யாரோ தோளைத் தொட்டுச் சொல்ல, திரும்பினார். எங்கள் இரண்டு பேரையும் கண்டார். அடுப்பைக் குறைத்தார். ஏப்ரனை அவிழ்த்தார், அதை மடித்தார், மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அம்மாவோ?" என்று கேட்டார்.

நாங்கள் விளங்காமல் நின்றோம். அந்த மௌனம் அவருக்குப் பதிலாகிவிட்டது. உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றின் மேல் இருந்து, அத்தனை பேருக்கும் முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் தனியே இருக்கிற ஒருவனுக்குச் சாவுச் செய்தியைப் போனில் சொல்லமாட்டார்கள். இரண்டு பேராய்ச் சேர்ந்து நேரே போவார்கள். 2009 மாசி மாதம் மைக்கலின் தமையன் வன்னியில் ஷெல் விழுந்து செத்தபோது, இராஜசிங்கம் அண்ணையும் என் மனிசனும் இதே ரயிலில் ஏறி இதே பின்வாசலில்தான் வந்து நின்றார்கள். அதே மாதிரி முன்னறிவிப்பில்லாமல், அதே மாதிரி கறுப்புக் கோட்டோடு. நாங்கள் இரண்டு மடைச்சிகளும் அதை நினைக்கவில்லை.

பாத்திரம் கழுவுகிற போர்த்துக்கீசன் தண்ணீர் கொண்டு ஓடி வந்தான். தலைமைச் சமையல்காரி வந்து யார் இறந்தது என்று ஜெர்மனில் கேட்டாள். றீற்றா மைக்கலுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையப்பா. மாமி சுகமா இருக்கிறா. சத்தியமாய் ஒருத்தரும் சாகேல்லை."

"அப்ப என்னத்துக்கு வந்தனீ?"

"உங்களைப் பாக்க வந்தனான்."

"என்னையோ? ஏன்?"

இருபது வருடத்தில் தன்னைப் பார்ப்பதற்காக ஒருத்தி ரயிலேறி வருவாள் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கவில்லை. தலைமைச் சமையல்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள், பத்து நிமிடம் என்று விரலைக் காட்டினாள். அவர்கள் மரக்கறிப் பெட்டிகள் அடுக்கிய நடைபாதையில் போய் நின்றார்கள். நான் காது கேளாதவள் மாதிரி சுவரோரம் நின்றேன். எல்லாம் கேட்டது.

"முதியோர் இல்லத்து வேலைக்கு ஏன் இன்னும் மறுமொழி சொல்லேல்லை? என்னோடை இருக்க விருப்பமில்லையோ?"

அவர் கையிலிருந்த ஏப்ரனை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு, "பயமாயிருக்கு," என்றார்.

"என்ன பயம்?"

"நான் எங்கை ஒழுங்கா வீட்டிலை இருந்தனான்? சீசன் முடிஞ்சு வந்தால் நாலு நாள் நித்திரை. பிறகு பைப்பைத் திருத்துவன், கதவைத் திருத்துவன். திருத்திறதுக்கு ஒண்டுமில்லாட்டி உனக்கு முன்னாலை இருந்து என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியாது றீற்றா. போனிலை எண்டால் வருது. ஒவ்வொரு நாளும் எவ்வளவு கதைக்கிறன். முகத்தைப் பாத்தால் ஒண்டும் வருகுதில்லை. நான் வந்து நெடுக வீட்டிலை இருந்தால் ஒரு மாசத்திலை உனக்கு வெறுத்துப்போகும்."

றீற்றா சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டாள். "அப்ப வந்து பேசாமல் இருங்கோ," என்றாள். "நானும் பேசாமல் இருக்கிறன்."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். படமாயிருந்தால் சமையலறையே கைதட்டியிருக்கும். இங்கே ஒருவன் வந்து வழியில் நிற்கவேண்டாம் என்று எங்களை வெளியே அனுப்பினான்.

மைக்கல் சித்திரையில் கீழே வந்தார். வைகாசியில் முதியோர் இல்லத்தில் வேலை தொடங்கினார். ஆறு மணி கழிந்ததும் என் தலைக்கு மேலே இரண்டு பேருடைய நடை கேட்கும். ஒன்று சமையலறைக்குப் போனால் மற்றது அறைக்குப் போகும். ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு நடந்தார்கள். கதைக்கிற சத்தம் மட்டும் கேட்காது. வீட்டிலிருந்த பைப்பெல்லாம் திருத்தி முடிந்து, என் வீட்டுப் பைப்பையும் வந்து திருத்திவிட்டார். றீற்றா முந்தியிலும் மோசமாக அந்தரப்பட்டாள். சாட்டுச் சொல்லிச் சொல்லிக் கீழே இறங்கி வருவாள்.

"வீட்டிலை ஆள் இருக்கிறார். எனக்கு எங்கை இருக்கிறதெண்டு தெரியேல்லை," என்பாள். ஒரு நாள் என் குசினி அடுப்படியில் இருந்து அழுதாள். கூட்டிக்கொண்டு வந்தது பிழையோ என்று கேட்டாள். நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அந்தப் படங்களெல்லாம் ஏன் கொஞ்சலோடு முடிகின்றன என்பது எனக்கு அந்த வருடம்தான் விளங்கியது. அடுத்த நாள் காலமை அந்த இரண்டு பேரும் மேசையில் எதிரெதிரே இருந்து என்ன கதைப்பார்கள் என்று படத்தை எழுதினவர்களுக்கே தெரியாது. தெரியாத இடம் வந்ததும் பனியைக் கொட்டி மூடிவிடுகிறார்கள்.

நவம்பர் வந்தது. ஒரு பின்னேரம் வேலையால் வந்து, குப்பை போட வெளியே இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் மேல் வீட்டு பல்கனி இருட்டில் மைக்கல் நிற்கிறார். போன் காதில். குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, மற்றக் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிறார், சிரிக்கிறார். வீட்டுக்குள் ஒரு சொல் கதைக்காத மனுசன் இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரோசாவில் வேறை ஆரும் இருக்கினமோ என்று றீற்றா அன்றைக்குக் கேட்டது சரிதான் என்று நினைத்தேன். குப்பைப் பையை அங்கேயே போட்டுவிட்டுப் படியேறினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

றீற்றா சோபாவில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை. பல்கனிக் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. அவளுடைய காதிலும் போன் இருந்தது.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "விறைச்சுப் போகப்போகுதடி அந்த மனுசன்," என்றேன். "உள்ளுக்கை கூப்பிடு."

அவள் போனைக் கையால் பொத்தினாள். கண் நிறைந்திருந்தது.

"சத்தம் போடாதை செல்வராணி," என்றாள். "இப்பத்தான் கதைக்கத் தொடங்கியிருக்கிறார்."