ப்ளாங்காவின் பியர் அண்டா

ப்ளாங்கா ஹ்ரூபெஷோவா இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறாள். யிஹ்லவா நகரத்தைச் சுற்றியுள்ள முப்பது நாற்பது கிராமங்களில் எந்த வீட்டு மெஷின் எத்தனையாவது வருஷம் மக்கர் பண்ணும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் கதவைத் திறக்கிறவர்களில் பாதிப்பேர் அவளைத் தாண்டி வாசலில் நிற்கும் வேனை எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா, பின்னாடி வர்றாரா?" என்றுதான் கேட்பார்கள். முதல் பத்து வருஷம் சிரித்துச் சமாளித்தாள். அடுத்த பத்து வருஷம் பதிலே சொல்லாமல் உள்ளே நுழைந்தாள். இப்போதெல்லாம், "அவரு செத்துட்டாரு. தண்ணிக் குழாய மூடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுகிறாள்.

அவள் பியர் அண்டா செய்ய உட்கார்ந்ததும் ஒரு கோபத்தில்தான். அவள் குடியிருக்கும் லோட்கா கிராமத்தில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் ஆண்கள். சங்கம் வைத்திருக்கிறார்கள், சங்கத்துக்குத் தொப்பி வைத்திருக்கிறார்கள், தலைவராக விளாஸ்திமில் என்ற ஓய்வு பெற்ற தபால்காரரை வைத்திருக்கிறார்கள். பதினோராவது ஆள் ப்ளாங்காவின் புருஷன் ராதோவான். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வாய் மட்டும் எட்டு லாரி நீளம்.

அந்த ஊர்க்காரர்களுக்கு பியர் என்றால் ஒரே முறைதான் முறை. முளைகட்டிக் காயவைத்த பார்லியை உடைத்து வெந்நீரில் கரைத்துக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழில் கெட்டியான மூன்றில் ஒரு பங்கை அள்ளித் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, திரும்பப் பெரிய அண்டாவில் கொட்ட வேண்டும். அப்புறம் இன்னொரு தடவை அதே மாதிரி. அகப்பை போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கைவிட்டால் அடிப்பிடிக்கும். ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். கடையில் விற்கிற ஆல்-இன்-ஒன் மெஷின்களில் இந்த அள்ளிக் கொதிக்கவைக்கிற வேலை கிடையாது, மொத்தத்தையும் ஒரே பாத்திரத்தில் சுடவைப்பதோடு சரி. அதில் வருவதை விளாஸ்திமில் பியர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். "அது டீ. ஜலதோஷத்துக்குக் குடிக்கலாம்" என்பார்.

ராதோவான் இந்த முறைப்படி மூன்று தடவை காய்ச்சினான், ப்ளாங்காவின் சமையலறையில். மூன்றாவது தடவை ஹாக்கி ஆட்டம் பார்க்கப் போய்விட்டான். பொங்கி வழிந்த கூழ் தரையெல்லாம் பரவி, ஒரு வாரத்துக்கு அவள் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. துடைத்தது அவள்தான், வேறு யார் துடைப்பார்கள்? நான்காவது நாள் துடைப்பத்தை மூலையில் வீசிவிட்டு, "இனிமே உன் பியரு கராஜ்ல. மெஷின் காய்ச்சும்" என்றாள்.

"எந்த மெஷின்? நம்ம முறைக்கு மெஷினே கெடையாதே" என்று சிரித்தான் ராதோவான்.

"இல்லன்னா செய்யணும். அதுக்கு ஏன் பல்லக் காட்டற?"

ஒன்றரை வருஷம் ஆயிற்று. பழைய எவர்சில்வர் பீப்பாயின் தலையை வெட்டி எடுத்தாள். அதுதான் பெரிய அண்டா. குப்பைக்குப் போன வாஷிங் மெஷின்களிலிருந்து ஹீட்டர், வால்வு. பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து பம்ப். அதெல்லாம் அவளுக்குப் பிள்ளை விளையாட்டு. கெட்டிக் கூழைப் பெரிய அண்டாவிலிருந்து சின்னப் பாத்திரத்துக்கு யார் அள்ளுவது என்பதில்தான் ஆறு மாசம் மாட்டிக்கொண்டாள். எந்த பம்ப் வைத்தாலும் உமியில் அடைத்துக்கொண்டது. கடைசியில் கறி அரைக்கும் மெஷினின் திருகுத் தண்டை ஒரு குழாய்க்குள் வைத்துச் சுழலவிட்டாள், கூழ் சாதுவாக நகர்ந்து போனது. சின்னப் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க ஓர் இரும்புக் கை. அதைச் சுற்ற, காயலான் கடையில் கிடந்த பழைய காரின் வைப்பர் மோட்டார். எந்த நேரத்தில் எது ஓட வேண்டும், எத்தனை டிகிரியில் எத்தனை நிமிஷம் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் பலகை ஒன்றுக்குள் தானே ப்ரோக்ராம் எழுதி ஏற்றினாள். எழுதத் தெரியாமல்தான் தொடங்கினாள். எழுதி எழுதித் தெரிந்துகொண்டாள்.

இந்த ஒன்றரை வருஷத்தில் ராதோவான் கராஜுக்கு வந்தது சைக்கிளுக்குக் காற்றடிக்க மட்டும். உருப்படியாக அவன் செய்தது ஒரே ஒரு வேலை. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் சுங்க அலுவலகத்தில் சொல்லி வைக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒருவர் பெயரில். அவன் லாரி போகிற வழி என்பதால் அவன் போனான். அவன் பெயரையே கொடுத்துவிட்டு வந்தான். ப்ளாங்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அலட்சியத்துக்காகப் பின்னால் தன்னைத்தானே திட்டித் தீர்த்தாள்.

வசந்தத்தில் வட்டாரப் போட்டி நடந்தது. பெயர் ஒட்டாத பாட்டில்கள், ஐம்பத்தாறு வகை. பியரை அங்கே அதன் கெட்டித்தன்மைக்கான நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ப்ளாங்காவின் மெஷின் காய்ச்சியது ஒரு பன்னிரண்டு. அதுதான் முதல் பரிசு. சுங்கப் பதிவில் இருந்த பெயர்தான் போட்டிப் படிவத்திலும் இருந்தது. விளாஸ்திமில் மேடையில் ஏறி, "நம்ம ஊரு சிலாடெக், ராதோவான்!" என்று கத்தினார். சிலாடெக் என்றால் பியர் காய்ச்சுவதில் தலைமை ஆள். ராதோவான் மேடைக்குப் போனான். இப்போது சொல்வான் என்று ப்ளாங்கா கழுத்தை நீட்டிக் காத்திருந்தாள். அவன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான், அவ்வளவுதான்.

"சிலாட்கோவா அம்மாவுக்கும் ஒரு கைதட்டு குடுங்கப்பா! பாட்டிலெல்லாம் கழுவித் தர்றது அவங்கதானே!" என்றார் விளாஸ்திமில்.

கூட்டம் கைதட்டியது. ப்ளாங்காவுக்குக் காது சுட்டது. காருக்குள் கதவைச் சாத்தியதுமே வெடித்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்லணும்? ஒன்னையும்தான் சொன்னாங்களே, சிலாட்கோவான்னு. பொம்பள சிலாடெக்குன்னுதானே அர்த்தம்?"

"சிலாடெக்கோட பொண்டாட்டின்னு சொன்னாங்கடா!"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. நீ நல்லதா எடுத்துக்கயேன்."

அவன் சொன்னதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நம் ஊரில் வாத்தியாரம்மா என்றால் பாடம் நடத்துகிறவளா, வாத்தியாரைக் கட்டிக்கொண்டவளா என்று தெரியாதே, அதே கதைதான். அந்த ஒரு சொல்லுக்குள் அவளை உட்காரவைத்துக் கதவையும் பூட்டிவிட்டான் பாவி.

இதோடு போயிருந்தால் கூட ஒரு மாதிரி. கோடையில் சங்கத்துக்காரர்கள் கராஜுக்கு வந்து அண்டாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எட்டுப் பேர் அதே மாதிரி தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். தீயணைப்புத் தொண்டர்கள் திருநாளன்று ஊர் முன்னால் ஓட்டிக் காட்டுவதாக ராதோவான் வாக்குக் கொடுத்துவிட்டான். அதற்குள் அண்டாவுக்கு ஒரு பெயரும் விழுந்துவிட்டது: ராதோவான்கா. ஊர் ஒரு சாமானுக்குப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் யார் வந்தாலும் மாற்ற முடியாது. நூறு வருஷம் கழித்தும் எவனாவது, "எங்க வீட்டு ராதோவான்கா ரிப்பேரு" என்பான். அதை நினைத்தால் ப்ளாங்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"திருநாளுக்கு முன்னாடி சங்கத்துல சொல்லிடு. யார் செஞ்சதுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாள்.

"சொல்றேன் சொல்றேன்."

மூன்று வாரம் பொறுத்தாள். அவன் சொல்லவில்லை.

திருநாள் ஞாயிற்றுக்கிழமை. தீயணைப்புக் கொட்டகை முன்னால் பெஞ்சுகள், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு அடை பொரிகிற வாசனை, ஒரு பக்கம் பித்தளை வாத்தியம். வேனிலிருந்து அண்டாவை இறக்கியது ப்ளாங்கா. ஒயர் இழுத்தது ப்ளாங்கா. கூழ் கரைத்து, முதல் கட்டம் வரை கொண்டுவந்து நிறுத்தியதும் அவள்தான். ஊர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. புருஷனுக்கு எடுத்துக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது.

"பச்சை பொத்தான அமுக்கு, மிச்சத்த அது பாத்துக்கும். சின்னப் பாத்திரத்துல சுத்துற கைய மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாத" என்றாள்.

"தெரியும் போ."

அவள் போய் அடைக் கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ராதோவான் மைக்கைப் பிடித்தான். பொத்தானை அமுக்கினான். திருகு சுழன்று கூழ் தானாக நகர்ந்து சின்னப் பாத்திரத்தில் விழுந்ததும் கூட்டம் "ஓ" என்றது. அந்த "ஓ" அவனுக்குத் தலைக்கேறிவிட்டது.

"இந்த யோசனை எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றான். "ஒருநாள் நல்ல மழை. லாரியில மரம் ஏத்திட்டு வர்றேன். கண்ணாடியில வைப்பர் அப்படியும் இப்படியும் போகுது. சட்டுன்னு ஒரைச்சுது, இந்த மோட்டாரத்தான் அங்க வைக்கணும்னு!"

ப்ளாங்கா கையிலிருந்த அடையைத் தட்டில் வைத்தாள். காயலான் கடையில் சேற்றில் மண்டிபோட்டு, விரல் கிழிந்து ரத்தம் வர அந்த மோட்டாரைக் கழற்றியவள் அவள். பெயரைத்தான் எடுத்துக்கொண்டான் என்று பார்த்தால், அந்த நாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். மழையெல்லாம் வேறு பெய்யவைத்திருக்கிறான். அவளுக்கு எழுந்து போய் அறையலாம் போல இருந்தது.

வைப்பர் மோட்டார் கரகரவென்று சத்தம் போட்டது. அவன் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "சத்தமா பேசுப்பா" என்றார்கள். அவன் குனிந்து அந்த மோட்டாரின் ஸ்விட்சைத் தட்டி நிறுத்திவிட்டு, நிம்மதியாகப் பேச்சைத் தொடர்ந்தான். ஹீட்டர் அதுபாட்டுக்கு எரிந்தது. சூடு பார்க்கிற கம்பி பாத்திரத்தின் மேல்பக்கம் இருப்பதால், கூழ் இன்னும் சுடவில்லை என்று நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் எரிந்தது.

வாசனை முதலில் எட்டியது ப்ளாங்காவுக்குத்தான். கூழ் அடிப்பிடிக்கிற வாசனை. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் ஹீட்டர் போய்விடும், பத்து நிமிஷம் விட்டால் பாத்திரமே போய்விடும். கால் தானாக எழப் பார்த்தது. இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போயேன்டி, உன் புருஷன் மானம் போகுது" என்றாள் அடை சுடுகிறவள்.

"அவன் மானம்தானே" என்றாள் ப்ளாங்கா.

புகை தெரிய ஆரம்பித்தது. ராதோவான் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்தான். எது எதற்கு என்று தெரிந்தால்தானே. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டே, "ப்ளாங்கா! கொஞ்சம் வாயேன்!" என்றான்.

"எதுக்கு? பாட்டில் கழுவணுமா?"

கூட்டம் சிரித்தது. விளாஸ்திமில் ஓடி வந்து, "அம்மா, வெளையாடாதீங்க, அண்டா போயிடும்" என்றார்.

"செஞ்ச ஆள் அங்க நிக்கறாரே, அவர கேளுங்க."

விளாஸ்திமில் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ராதோவானின் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. "என் பொண்டாட்டியும் இதுல கொஞ்சம் ஒத்தாசை பண்ணினா…" என்று தொடங்கினான். ப்ளாங்கா அசையவில்லை. "நெறைய பண்ணினா" என்றான். அவள் தட்டிலிருந்த அடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். புகை கறுப்பாயிற்று. "சரி! இதச் செஞ்சது ப்ளாங்காதான்! முழுக்க அவதான்! எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது!"

ஒலிபெருக்கி கீச்சிட்டது. அடை சுடுகிறவள் கரண்டியால் சட்டியைத் தட்டிக் கைதட்டலைத் தொடங்கிவைத்தாள், ஊரே சேர்ந்துகொண்டது. ப்ளாங்கா எழுந்து நடந்தாள். வழிவிட்டார்கள். ராதோவான் தோற்ற ஆட்டக்காரன் மாதிரி இரண்டு கையையும் விரித்து, கூட்டத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். அந்த இளிப்பைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் தணிந்திருந்த கோபம் மறுபடி உச்சிக்கு ஏறியது.

"மைக்க கீழ வை."

"அதான் சொல்லிட்டேனே! எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்!"

"அவங்ககிட்ட சொன்ன. அவங்களுக்குத் தெரியாது, சொன்ன. உனக்கு முதல்லேர்ந்து தெரியும். இப்ப என்னப் பாத்து சொல்லு."

அவன் மைக்கைத் தரையில் வைத்தான். அது கையில் இல்லாதபோது அவன் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. கடைசியில், "எடுத்துக்கிட்டேன் ப்ளாங்கா. நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்" என்றான்.

"ம்" என்றாள் அவள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான் போலிருந்தது. மன்னிக்கத் தோன்றவில்லை.

"யாராவது ஸ்விட்ச அணைங்கப்பா!" என்று விளாஸ்திமில் புகைக்குள்ளிருந்து கத்தினார். "பாத்திரமே உருகுது! ஒன்றரை வருஷ வேலைம்மா இது!"

"கருகட்டும்" என்றாள் ப்ளாங்கா, புருஷன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொண்ணு செய்ய எனக்குத் தெரியும்."