வடக்கே திரும்பாத ஆன்டெனா

எல்மர் லூண்டே தன் வாழ்நாளில் எந்த வேலைக்கும் ஒரு கை பிடிக்க ஆள் கூப்பிட்டதில்லை. மேற்கு மினசோட்டாவில் தன் பண்ணைக்குக் களஞ்சியம் எழுப்பியதும் அவரே, பன்றிகளுக்குப் பிரசவம் பார்த்ததும் அவரே. நாற்பதடி டவர் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரைப் பூட்டியதும் அவர்தான். நாற்காலியை விட்டு எழாமல் பெட்டியில் குமிழைத் திருகினால் போதும். வடக்கே ஃபார்கோ, தெற்கே சூ ஃபால்ஸ் என்று இரண்டு ஊர் டிவியும் வீட்டுக்கு வரும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனம் இறங்கியது 1967 டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வியட்நாம் போரில் இருக்கும் பையன்களின் கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஃபார்கோ டிவியில் மதியம் இரண்டு மணிக்குக் காட்டப் போகிறார்கள். தானும் அதில் வருவதாக மகன் லோவெல் எழுதியிருந்தான். அவன் முகத்தைப் பார்த்துப் பதினோரு மாதமாகிறது.

விழுந்ததுமே உறைந்து எல்லாவற்றையும் இறுக்கிவிடும் ஐஸ் மழை வரப்போகிறது என்றால், ஆன்டெனாவை வேண்டிய பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்தில் எவரும் படுக்கப் போவார்கள். எல்மரோ சனிக்கிழமை டிவியில் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் போட்டி பார்த்துவிட்டு, சூ ஃபால்ஸ் பக்கமே விட்டுவிட்டார். ராத்திரி ஐஸ் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் குமிழைத் திருகினால், பெட்டியில் இருந்த முள் மட்டும் சமர்த்தாக வடக்கே போனது. மேலே ஆன்டெனா அசையவில்லை.

"உனக்குப் பந்து உருட்டறதுதான் முக்கியமாப் போச்சு, இல்ல?" என்றாள் அவர் மனைவி ஆர்டிஸ்.

"மறந்து தொலைச்சுட்டேன்."

"பெத்த புள்ளை வரப்போறதையா மறப்பே?"

எல்மர், பக்கத்துப் பண்ணைக்காவது போய் டிவி பார்க்கலாமென்று காரை எடுத்தார். பாதையெல்லாம் வழுவழுவென்று ஐஸ். கார் வாசலைத் தாண்டியதும் பள்ளத்தில் போய் இறங்கியது.

ஒன்றரை மணிக்குச் சுத்தியலும் ஸ்பானருமாக டவரில் ஏறினார். ஐஸைத் தட்டித் தட்டி உதிர்த்தார். உள்ளே உறைந்து கிடந்த மோட்டார் மசியவே இல்லை. வேறு வழியில்லாமல், கம்பத்தைப் பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தி, ஆன்டெனாவைக் கையாலேயே திருப்பினார். ஆர்டிஸ் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடி கத்தினாள்.

"வருது, வருது! இன்னும் கொஞ்சம்... ஐயோ, தாண்டிட்டே! பின்னால திருப்பு! அங்கதான்! அசையாதே!"

போல்ட்டை மறுபடி முறுக்கப் போனார். விறைத்த விரல்களிலிருந்து ஸ்பானர் நழுவி, கீழே பனியில் விழுந்து மறைந்தது. கையை எடுத்தால் காற்று ஆன்டெனாவைத் திருப்பிவிடும். கம்பத்தை இறுகக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவன் வந்ததும் குரல் குடு!"

"இவன் இல்ல... இவனும் இல்ல..."

பிறகு ஆர்டிஸிடமிருந்து சத்தமே வரவில்லை. எல்மருக்குப் புரிந்துவிட்டது. கீழே, தன் வீட்டுக்குள், தன் மகன் பேசிக்கொண்டிருக்கிறான். இங்கே காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், டவர் உச்சியில் தேம்பித் தேம்பி அழுதார்.

ஆர்டிஸ் கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன், எல்மர். இளைச்சுப் போயிட்டான். மீசை வெச்சிருக்கான்."

"என்ன சொன்னான்? என்னைக் கேட்டானா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியலையே! அவன் மூஞ்சியையே பாத்துட்டு நின்னுட்டேன். சொன்னது எதுவுமே காதுல விழலையே, எல்மர்..."