கியர்பெட்டியில் ஒரு வெடிப்பு

கியர் எண்ணெயின் நாற்றம் தனியானது. கூழ்முட்டையையும் கருகிய ரப்பரையும் ஒன்றாய்க் கலந்ததுபோலத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பத்து வயதாயிருந்த அந்தப் பங்குனியில், புங்குடுதீவில் எங்கள் வீட்டு முன்பக்க 'விறாந்தை' முழுவதும் அந்த நாற்றம்தான்.

எங்களோடு ஒரே வளவில் இருந்த சித்தப்பாவிடம், வண்டு போல முதுகு வளைந்த பழைய ஜெர்மன் கார் ஒன்று இருந்தது. ஆசைக்காக வாங்கியதல்ல. சித்தியின் முதல் பிள்ளை, வாகனம் கிடைக்காத ஒரு நாளில், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனது. சித்தி மறுபடி கர்ப்பமானதும் சித்தப்பா, வெளிநாடு போன ஒருவர் விட்டுச்சென்ற அந்தக் காரைத் தேடி வாங்கி ஓடவைத்தார். பேற்றுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, தீவுக்கு வெளியே போகும் பாலத்து வீதியில் கிளம்பிக் கிடந்த கல்லொன்று காரின் அடியில் பலமாக இடித்தது. வீட்டுக்கு வந்து நின்ற இடத்தில் மணல் கறுப்பாய் நனைந்தது.

கடற்கரையில் வள்ளங்களையும் அவற்றின் இயந்திரங்களையும் திருத்தும் சவிரி மாமா வந்து, கியர்பெட்டியைக் கழற்றி விறாந்தை மேசையில் வைத்தார். அதன் வெளிக்கோதில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. காஸ் வெல்டிங்கில் உடனே ஒட்டித்தரும்படி சித்தப்பா அவசரப்படுத்தினார். சவிரி மாமா அரத்தால் அதன் ஓரத்தைக் கொஞ்சம் ராவி, அந்தத் தூளைக் கடதாசியில் வைத்து முற்றத்தில் கொளுத்தினார். பட்டப்பகலிலும் கண் கூசும்படி அது வெள்ளையாய் எரிந்தது.

"தம்பி, இது அலுமினியம் இல்லை, மக்னீசியம்," என்றார். "பத்தினா முழுப் பெட்டியும் போகும். தண்ணி ஊத்தியும் அணைக்க ஏலாது, இன்னும் கூட எரியும்."

வெடிப்பின் இரு முனையிலும் சிறு துளையிட்டார், அது மேலும் ஓடாமலிருக்க. பிறகு பெற்றோலால் பலதரம் துடைத்து, வள்ளத்துக்குப் பூசும் பசையைக் கலந்து தடவி, கண்ணாடி நார்த் துணியை அதன்மேல் ஒட்டினார். இரண்டு நாள் காயவேண்டும், யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது காயும்வரை வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சித்தப்பா வாசல் படலைக்கும் விறாந்தைக்குமாக நடந்தார். சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினால் அம்மா கையிலுள்ள அகப்பையைப் போட்டுவிட்டுக் 'குசினி'யிலிருந்து ஓடிவருவார். நானோ மணிக்கு நாலு தரம் அந்த மேசையடிக்குப் போனேன். அது காய்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு எண்ணம். முதல் நாள் பின்னேரமே காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலை வைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது துணியின் ஒரு ஓரம் கூடவே கிளம்பி வந்தது. திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு, கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

மறுநாள் காலையில் சவிரி மாமா பார்க்க வந்தார். அந்தக் கார் எண்ணெய் ஒழுகி, சித்தியோடு பாலத்தில் நின்றுபோவதுதான் இரவு முழுதும் என் கண்ணுக்குள் இருந்தது. வேறு யாரும் இல்லாத அந்த நேரத்தில் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் துணியின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"சொன்னது நல்லது, பிள்ளை. இதாலை எண்ணெய் கசிஞ்சிருக்கும்," என்றார்.

ஒட்டியதையெல்லாம் உரித்துக்கொண்டிருக்கையில் சித்தப்பா வந்து, ஏன் என்று கேட்டார். சவிரி மாமா தலை நிமிராமலே சொன்னார்: "கலவையிலை நான் பிழை விட்டிட்டன். இன்னும் ரெண்டு நாள் வேணும்."

அப்போது நான் வாய் திறந்திருக்கலாம்.

அடுத்த நாள் மதியம் சித்திக்கு நோவு கண்டுவிட்டது, நாளுக்கு முன்னரே. பக்கத்து வளவு உழவு இயந்திரத்தின் இழுவைப்பெட்டியில் மெத்தையைப் போட்டு, அம்மா மடியில் சித்தியின் தலையை வைத்துக்கொண்டு போனார்கள். போகும் வழியில், கடற்கரைச் சந்தியில் நின்ற சவிரி மாமாவைக் கண்டதும், சித்தப்பா வண்டியை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, அத்தனை சனத்துக்கும் முன்னால் அவரை ஏசியிருக்கிறார். இரண்டாவது பிள்ளையும் போனால் உன்னால்தான் என்றாராம். இதை அம்மா பிறகு சொன்னார்.

பிள்ளை போகவில்லை. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் நல்ல சுகத்தோடு பிறந்தாள். அந்தச் செய்தி வரும்வரை நான் கிணற்றடியிலேயே சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.

சவிரி மாமா சொன்ன நாளில் வந்து பெட்டியைப் பூட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகவில்லை. சித்தப்பா அவரோடு மறுபடி பேசவும் இல்லை. வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நான் வருடக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார் எப்போதோ விலைபோய்விட்டது. சித்தப்பா குடும்பம் பிரான்சில். எங்கள் வீடும் பூட்டிக் கிடக்கிறது, விறாந்தை ஓடுகள் விழுந்துவிட்டன. சவிரி மாமாவும் மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவருடைய செத்தவீட்டிலும் நான் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

போன மாதம் தொலைபேசியில் சித்தப்பாவிடம், அன்று விரல் வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"அந்தாள் எத்தினை தரம் எனக்கு முன்னாலை வந்து நிண்டது. நான் முகம் குடுக்கேல்லை," என்றார். பிறகு, "அவருக்கு இப்ப ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

ஒரு மகள் இருக்கிறாள், எழுவைதீவில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்றேன். அவளுடைய நம்பரை எடுத்துத் தரச் சொன்னார். தேடி எடுத்துவிட்டேன், இன்னும் அனுப்பவில்லை. முதலில் போகவேண்டியவள் நான். ஞாயிற்றுக்கிழமை எழுவைதீவுக்குப் போகும் வள்ளத்தில் ஏறுவதாக இருக்கிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று எதிலிருந்து தொடங்குவதென்றுதான் இன்னும் பிடிபடவில்லை.