யாரும் சாகாத படங்கள்

சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவளுக்கு மூன்று கை வேண்டும்: டிக்கெட்டுக்கு ஒன்று, பேட்டரி லைட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. ஆண்டவர் எனக்கு இரண்டுதான் கொடுத்தார் என்பதால் கதவைப் பதின்மூன்று வருஷம் இடுப்பால்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரி வாசலிலோ ரேஷன் கடையிலோ ஜனங்களை வரிசையில் நிறுத்திப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் நடுவில் காரைக்காலில் அந்த வேலைக்குப் போனேன். லாரியோடு வடக்கே போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்துப் பொம்பளை சினிமாக் கொட்டகை வாசலில் நிற்கலாமா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். தம்பி அந்தோணி என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டான். நான் நின்றேன். நின்றதோடு விடாமல், கதவைச் சாத்திய பிறகு உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து எல்லாப் படத்தையும் பார்த்தேன்.

எனக்குப் பிடித்தவை சிரிக்க வைத்து, நடுவில் கொஞ்சம் கண் கலங்க வைத்து, கடைசியில் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற படங்கள். இதைச் சொன்னால் கேட்கிறவர் முகத்தில் ஒரு இளக்காரம் வரும். சண்டைப் படம் பிடிக்கும் என்றால் வராது, அழுகைப் படம் பிடிக்கும் என்றாலும் வராது. இதற்கு மட்டும் வரும். அந்த இளக்காரத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கதையைச் சொல்லக் கூடாது

வேலைக்குச் சேர்ந்த அன்றே மானேஜர் போட்ட சட்டம் அது. படத்தின் கதையை வாசலில் நிற்கிறவர்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. மண்டபத்தூரிலிருந்து மீன் விற்க வருகிற பெண்கள் கூடை காலியானதும் மத்தியான ஆட்டத்துக்கு வருவார்கள். கூடைகளைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, டிக்கெட் வாங்கும் முன்னால் என்னிடம் வருவார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று கேட்கிறவர் அஞ்சம்மாள். எப்போதும் ஒரே கேள்விதான். இந்தப் படத்தில் யாராவது சாகிறார்களா?

ஒரு தடவை, முழுக்க முழுக்கச் சிரிப்பு என்று நோட்டீஸ் போட்டு வந்த படம் ஒன்றில் கடைசியில் கதாநாயகனின் அம்மா செத்துப்போவாள். நான் உள்ளதைச் சொன்னேன். பதினொரு பெண்களும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மானேஜர் பார்த்துவிட்டார். அரை மணி நேரம் திட்டினார். கேட்டதற்குப் பொய் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அந்த வருஷம் மண்டபத்தூரில் இரண்டு கட்டுமரம் கரை திரும்பவில்லை. ஒன்றில் போனவன் அஞ்சம்மாளின் அண்ணன். அது மானேஜருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் யாரும் சாகாத படம் வந்தது. அதே பதினொரு பேர் இன்னும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மானேஜரே வாசலுக்கு வந்து அஞ்சம்மாளிடம், கடைசியில் கொஞ்சம் அழுதால் என்னம்மா, மனசுக்கு நல்லதுதானே என்று கேட்டார். அஞ்சம்மாள் டிக்கெட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்: "சாவைப் பாக்கறதுக்கு டிக்கெட் வேற வாங்கணுமா சார்? அது எங்க தெருவுக்குச் சும்மாவே வருது."

நாற்காலி

ஒரு படத்தில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா ஒரு பழைய நாற்காலியில் உட்காருவார். அதன் நாலு காலும் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். மனுஷர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. எங்கள் குடும்பத்தின் அந்தஸ்து என்ன தெரியுமா என்று பேசிக்கொண்டே கீழே இறங்குவார். பேச்சு முடியும்போது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், கையில் காப்பி டம்ளர் சிந்தாமல் இருக்கும். அந்த நடிகர் ஒரு இடத்தில்கூடச் சிரிப்புக் காட்டவில்லை. அதுதான் அவருடைய திறமை. நாம் சிரிப்போம் என்று தெரிந்தும், தெரியாதவர் மாதிரி இருந்தார்.

பெண்கள் பக்கம் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. கூடுதல் காசு கொடுத்து சேர் கிளாஸில் இருந்த ஒரு ஆபீசர், பொம்பளைகள் போடுகிற சத்தத்தில் வசனம் கேட்கவில்லை என்று புகார் கொடுத்தார். உள்ளே போய் லைட் அடித்து அடக்கச் சொல்லி மானேஜர் என்னை அனுப்பினார். போனேன். நான் போன நேரம் நாற்காலி இறங்க ஆரம்பித்திருந்தது. என் கையில் இருந்த லைட் குலுங்கி, வெளிச்சம் கூரை, சுவர், ஆபீசர் தலை என்று எல்லா இடத்துக்கும் போனது.

மறுநாள் மானேஜர் கூப்பிட்டு விசாரித்தார். ஆண்கள் பக்கம் விசில் அடிக்கும்போது எந்த லைட்டை அடித்து அடக்குகிறீர்கள் என்று கேட்டேன். மேஜையில் இருந்த டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, சமாதானமாகப் போகிறவர் போலச் சொன்னார்: "சிரிக்கட்டும், நான் வேணாங்கலை. வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கச் சொல்லும்மா."

மதாமும் அரிசியும்

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவரின் மனைவி ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். ஊரே அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடும். கையில் விசிறியோடு வருவார், ஓரத்து நாற்காலியில் உட்காருவார், இடைவேளையில் என்னிடம் குறை சொல்வார். இதெல்லாம் ஒரு நடிப்பா, வெளிநாட்டில் அழுது நடிக்கிறதைப் பார்த்திருக்கிறாயா என்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அழுவதற்கு வெங்காயம் போதும் மதாம், மற்றவளைச் சிரிக்க வைக்க எதை உரிப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். முகம் சிவந்துபோயிற்று அவருக்கு.

கேட்டதோடு விடாமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அப்போது ஓடிய படத்தில் பக்கத்து வீட்டு அத்தையாக ஒரு நடிகை வருவார். போஸ்டரில் படமும் இல்லை, பெயரும் இல்லை. கதாநாயகனும் கதாநாயகியும் முன்னால் சண்டை போடும்போது அவர் பின்னால் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பார். முன்னால் இருக்கிறவர்களைப் பார்க்காதீர்கள், அந்தக் கையை மட்டும் பாருங்கள் என்றேன். சண்டை ஏற ஏற விரல் வேகமாகும். 'நான் உன்னை விட்டுட்டுப் போறேன்' என்று கதாநாயகன் சொல்கிற இடத்தில் விரல் நின்றுவிடும். பிறகு பொறுக்கிய கல்லையெல்லாம் எடுத்துத் திரும்ப அரிசியிலேயே போடுவார். அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. முறத்தைப் பார்த்துச் சிரிப்போம். ஒரு நிமிஷம் கழித்துப் புரியும், எழுந்து போக மனசில்லாமல் வேலையை நீட்டிக்கொள்கிறார் என்று.

மதாம் விசிறுவதை நிறுத்திவிட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் போகும்போது வாசலில் நின்று, கோபமாகத்தான் சொன்னார்: "அந்தப் பொம்பளை பேரைப் போடாதது அநியாயம். நான் கடுதாசி எழுதப் போறேன், யாருக்கு எழுதணும்னு விசாரிச்சுச் சொல்லு."

அந்தோணியின் பெண்சாதி

ஆறு வருஷம் பேசாமல் இருந்த தம்பி ஒரு மத்தியானம் பெண்சாதி ரீத்தாவைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். பிறந்து ஒன்பது நாளில் அவர்கள் குழந்தை தவறிப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன், கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். இப்போது அவன் என் முகத்தைப் பார்க்காமல், இவள் தூங்கவே மாட்டேன் என்கிறாள், கொஞ்ச நேரம் உன்னோடு இருக்கட்டும் அக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த வாரம் ஓடியது, ஒழுகுகிற வீட்டில் வாழும் ஒரு பெரிய குடும்பத்தைப் பற்றிய சிரிப்புப் படம். இவளைப் போய் இதற்குக் கூட்டி வந்திருக்கிறானே என்று எனக்குப் பயமாக இருந்தது.

பின்வரிசையில் அவளை உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கால் மணி நேரத்தில் என் தோளில் சாய்ந்தாள், தூங்கிவிட்டாள். சுற்றிலும் பெண்கள் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார்கள், பிள்ளைகள் கத்துகின்றன, இடைவேளை மணி அடிக்கிறது, முறுக்கு விற்கிறவர் கூவுகிறார். அவள் அசையவில்லை. என்னை வாசலில் காணோம் என்று தேடி வந்த மானேஜரைக் கையாலேயே திரும்பிப் போகச் சொன்னேன். போய்விட்டார்.

படம் முடிந்து எழுந்தபோது அவள் கன்னத்தில் என் ரவிக்கைத் தையல் பதிந்திருந்தது. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினாள். இவ்வளவு சத்தத்தில் எப்படியம்மா தூங்கினாய் என்று கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்ல எல்லாரும் எனக்காக மெதுவா மெதுவாப் பேசுறாங்க அண்ணி. அதுலதான் தூக்கம் வரமாட்டேங்குது."

நெரவியிலிருந்து வந்த டிராக்டர்

எண்பதுகளில் ஒரு படம் வந்தது. பால் சொசைட்டிக்குத் தானே போய்வர வேண்டும் என்று ஐம்பது வயசு மாமியார் மருமகளிடம் சைக்கிள் பழகுகிற கதை. பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது, ஆண்கள் பக்கம் பெஞ்சு காலி. பக்கத்து ஊரான நெரவியில் அப்போது நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்களுக்குத் தலைவி நாகம்மாள். சனிக்கிழமை நடவு முடியும், ஞாயிறு மத்தியானம் எல்லோரும் வருகிறோம், அதுவரை படம் இருக்குமா என்று என்னைக் கேட்டார். இருக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை, வெள்ளியோடு படத்தை எடுக்கிறோம் என்றார்கள். கொட்டகை முதலாளி வீட்டுக்கே போனேன். பெண்களை நம்பி எந்தப் படமும் ஓடாது என்றார் அவர். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் நிற்க மாட்டேன் என்றேன். நிற்காதே என்றார். வீட்டுக்கு வந்ததும் பானையில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்று பார்த்தேன். வேறு வேலை எனக்கு எதுவும் தெரியாது.

ஞாயிறு சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துப் பூவரச மரத்தடியில் நின்றேன். டிராக்டர் பெட்டி நிறைய, தலை சீவிப் பூ வைத்து நாற்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். டிராக்டர் திரும்பிப் போயிற்று, இனி சாயங்காலம்தான் வரும். கொட்டகையில் ஒட்டியிருந்த புதுப் படத்துப் போஸ்டரில் ரத்தம் வழிகிற ஒரு முகம். நடந்ததைச் சொல்லி, உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். யாரும் டிக்கெட் வாங்கப் போகவில்லை. நாகம்மாள் மரத்தடியில் முந்தானையால் மண்ணைத் தட்டி உட்கார்ந்து, உனக்குக் கதை தெரியுமல்லவா, சொல்லு என்றார்.

பதினெட்டுத் தடவை பார்த்த படம். சொல்ல ஆரம்பித்தேன், சொல்லிப் போதாமல் எழுந்து செய்து காட்ட ஆரம்பித்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாமியார் ஆனேன், மருமகள் ஆனேன், பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பால்காரரும் ஆனேன். மாமியார் முதல்முதலாகத் தனியே ஓட்டுகிற இடத்தில் அந்த நடிகை மணி அடிக்க மாட்டார். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கம், பார்க்க மாட்டார்களா என்று ஆசை, இரண்டும் ஒரே முகத்தில் இருக்கும். எனக்கு எவ்வளவு வந்ததோ தெரியாது. விழுகிற இடத்தில் நிஜமாகவே விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டேன். பெண்கள் போட்ட சத்தத்தில் கொட்டகைக்குள் இருந்தவர்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். விரட்ட வந்த மானேஜர் கடைசிக் காட்சி வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பதினைந்து நாள் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். பிறகு ஆள் விட்டார்கள். நான் நின்ற இடத்தில் நிற்க வேறு பெண் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த மாதம் அந்தப் படம் மத்தியான ஆட்டத்துக்கு மட்டும் திரும்பி வந்தது. அதற்குக் காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நெரவியிலிருந்து அதே நாற்பது பேரும் வந்து பார்த்தார்கள். முடிந்து வெளியே வந்ததும் நாகம்மாளிடம், எப்படி இருந்தது, அந்த அம்மா நன்றாகச் செய்திருக்கிறார் இல்லையா என்று ஆசையாகக் கேட்டேன். நாகம்மாள் நிதானமாகச் சொன்னார்: "பரவால்லை, நல்லாத்தான் செஞ்சிருக்கு. ஆனா ஒன் அளவுக்கு அதுக்கு விழத் தெரியலை."

சிரிப்புப் படம் லேசான சமாசாரம் என்று இன்றும் சொல்கிறவர்கள், ஒரே ஒரு மத்தியானம், நாற்பது பெண்களுக்கு முன்னால், சைக்கிளே இல்லாமல் சைக்கிளிலிருந்து விழுந்து காட்டிவிட்டு என்னிடம் வந்து பேசட்டும்.