நான் இருட்டில் உட்காராத பத்து நிமிடம்

தொண்ணூறுகளின் நடுவில், ஓணத்துக்கு முந்தின வாரம் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெறிநோய் என்று சந்தேகப்படும் நாய்களின் மூளையைச் சோதிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. வலியசாலையில் எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. ‘ரத்தம் டெஸ்ட் பண்றேன்’ என்று சொல்லி வைத்திருந்தேன். நாய்த் தலையைத் தொட்ட கையோடு சமையலறைக்குள் வருகிறேன் என்று தெரிந்தால் அம்மா என்னையும் சேர்த்துக் கழுவி விட்டிருப்பாள்.

அன்று காலை பத்து மணிக்கு ஒருவர் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். போனக்காட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. மீன்கடையில் வாங்கிய ஐஸுக்குள், முந்தின நாள் செத்துப்போன நாயின் தலையைப் பாலித்தீனில் சுற்றி வைத்திருந்தார்.

“பஸ்ஸுல என்னான்னு கேட்டாங்க. மீனுன்னு சொல்லித்தான் ஏறினேன், டாக்டரம்மா” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவருடைய எட்டு வயது மகளை அந்த நாய் கடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அதற்கு வயிற்றில்தான் ஊசி, தினம் ஒன்றாகப் பத்து நாள். நான்கு போட்டாகிவிட்டது. வயிறு வீங்கி, குழந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறதாம். நாய்க்கு நோய் இல்லை என்று தெரிந்தால் மீதி ஆறு ஊசியை நிறுத்திவிடலாம். அதற்காகத்தான் வந்திருந்தார்.

எங்கள் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸ் தான் புகுந்த செல்லுக்குள் தன்னுடைய புரதத்தைக் குவித்து வைக்கும். அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்கிற, ஒளிரும் சாயம் ஏற்றிய ஒரு மருந்தை மூளைத் துணுக்கின் மேல் விட்டுக் கழுவி, தனி மைக்ராஸ்கோப்பில் நீல ஒளியில் பார்ப்போம். நோய் இருந்தால் கறுப்புப் பின்னணியில் பச்சைப் பொட்டுகள் மின்னும். அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு நியமம் உண்டு. இருட்டறையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். பிறகு, நோய் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒரு ஸ்லைடை முதலில் பார்க்க வேண்டும். அதில் பச்சை தெரியவில்லை என்றால் கண் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் முடித்து நான் இருட்டறைக்குப் போகும்போது இரண்டே கால். அவர் வராந்தாவில் எழுந்து நின்றார். “மூணு மணி வண்டிய விட்டா பின்ன நாளைக்குத்தான், கேட்டோ. புள்ள இன்னிக்கு ஊசிக்குப் போகாம எனக்காகக் காத்துக் கெடக்குது” என்றார்.

பாவமாக இருந்தது. வெளியே பளீரென்ற வெயில். அந்த வெயிலிலிருந்து நேராக உள்ளே போய், உட்காராமல், அந்தத் தெரிந்த ஸ்லைடையும் எடுக்காமல், இந்த நாயின் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது ஸ்லைடிலும் இல்லை. எங்கள் பிரிவின் தலைவியான மேடம் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை முடிவை வாயால்கூடச் சொல்லக்கூடாது. அவர் அன்று மீட்டிங்குக்குப் போயிருந்தார். நான் வராந்தாவுக்கு வந்து, “ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்கோ. ஊசி போதும்” என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மா என்று அவர் கூப்பிட்டதை நான் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது என்பதுதான் உண்மை.

மறுநாள் காலை மேடம் அதே ஸ்லைடைப் பார்த்தார். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, “கண்ட்ரோல் நோக்கியோ?” என்று கேட்டார். அந்தத் தெரிந்த ஸ்லைடைப் பார்த்தாயா என்றுதான் கேட்கிறார். இல்லை என்றேன். என்னை உட்கார வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தேன். ஓரத்தில், நாலைந்து செல்களுக்குள் மட்டும், பொடிப் பொடியாகப் பச்சை. நேற்றும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

இந்த நோய் வந்துவிட்டால் பிறகு மருந்தே கிடையாது. எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டால் லைன் செத்துக் கிடந்தது. “நீ தன்னெ போய் பறயணும்” என்றார் மேடம், நீயேதான் போய்ச் சொல்ல வேண்டும் என்று, கோபமே இல்லாமல். திட்டியிருந்தால் தேவலை.

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். ஓணக் கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து வார்த்தைகளை மாற்றிக்கொண்டே போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் விசாரித்து அவர் வீட்டு வாசலில் நின்றபோது அவ்வளவும் மறந்துவிட்டது.

“நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன். நேத்திக்கு அவசரத்துல தப்பாப் பார்த்துட்டேன். நாய்க்கு நோய் இருக்கு. இப்பவே ஊசிக்குப் போகணும்” என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினாள். “எம்புள்ள உசுரு ஒங்களுக்கு வெளையாட்டா?”

“தப்புன்னு தெரிஞ்சதும் வந்து சொன்னாங்கள்ல, விடு” என்றார் அவர்.

“வராம இருந்திருந்தா?”

குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. எதற்கு வந்திருக்கிறேன் என்று அதற்குப் புரிந்துவிட்டது.

“நீங்கதான ஊசி வேண்டான்னு சொன்னீங்க?” என்று கேட்டது.

எஸ்டேட் ஜீப்பில் நாங்கள் நாலு பேரும் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போடும்போது அந்தக் குழந்தை அலறியதை நான் வெளியே நின்று கேட்டேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. விட்டுப்போன ஒரு நாளையும் சேர்த்து என்ன செய்வது என்று டாக்டர் சொன்னார். அதன்படி எல்லா ஊசியும் போட்டு முடித்தார்கள்.

ஆனாலும் இந்த நோய் மாதக்கணக்கில் ஒளிந்திருந்துகூட வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருஷம் நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஆபீசில் போன் அடித்தால் எடுக்கப் பயப்படுவேன். அடுத்த ஓணத்துக்கு முன்னால் லீவு போட்டுவிட்டுத் திரும்பவும் போனக்காட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வாசலில் அவள் பூப்பறித்துக் கொண்டிருந்தாள், மற்ற பிள்ளைகளோடு. ஒரு வளர்த்தி வளர்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று பூவையெல்லாம் கீழே போட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

கூப்பிடவில்லை. அடுத்த பஸ்ஸில் மலையிறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பல வருஷம் அதே வேலையில் இருந்தேன். எத்தனை பேர் வராந்தாவில் நின்று அவசரப்படுத்தினாலும் பத்து நிமிடம் இருட்டில் உட்காராமல் ஒரு ஸ்லைடையும் தொட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நிமிடமும், வயிற்றைப் பொத்திக்கொண்டு ஓடிய அந்தப் பெண்ணிடம் நான் கேட்கிற மன்னிப்பாகவே இருந்தது.